சைட்டேஷனுக்குத் தமிழ்: மேற்கோளா, எடுத்தாட்சியா, பெறுசுட்டா?

மல்லேசுவரம், பெங்களூரு

குழுவினருக்கு வணக்கம்.

அறிதிறன் உளவியலாளர்கள் பற்றிய கட்டுரை வரிசைக்கு ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும். வரைவில் "இவருடைய கட்டுரை 400 மேற்கோள் பெற்றது" என்று இருக்கிறது. மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்வது. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரிகூட எடுத்துச் சொல்வதில்லை. அடைப்புக்குள் "மில்லர், 1956" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், திசை. என் கட்டுரையின் கடைசியில் நான் 60 நூல்களைப் பட்டியலிட்டால் அது ரெஃபரன்ஸ். என் கட்டுரையை 60 பேர் தங்கள் பட்டியலில் சேர்த்தால் அது சைட்டேஷன். அறிவியல் வரலாற்றாளர் டெரிக் டி சொல்லா பிரைஸ் 1970-லேயே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார். "60 மேற்கோள் உள்ள கட்டுரை" என்று எழுதினால் இரண்டில் எது?

எடுத்தாட்சி என்று வைக்கலாமா?

ஜெயநகர்

ஐயா, எடுத்தாட்சி காதுக்கு இனிக்கிறது, பொருளில் இடிக்கிறது. எடுத்தாள்வது என்றால் ஏற்றுப் பயன்படுத்துவது. குறுகிய கால நினைவில் 7 உருப்படி நிற்கும், 2 கூடலாம் குறையலாம் என்றார் உளவியலாளர் மில்லர், அந்த 1956 கட்டுரையில். 2001-இல் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய 4-க்கு இறக்கினார். அதன்பிறகு மில்லரைக் குறிப்பிடுகிறவர்களில் மறுப்பதற்காகவே குறிப்பிடுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஏற்றாலும் 1, மறுத்தாலும் 1.

நன்னூலின் எழுவகை மதத்தை, அதாவது பிறர் கருத்தை ஒரு நூல் எதிர்கொள்ளும் ஏழு வழிகளை, பாருங்கள். உடன்படல் முதலில் நிற்கிறது, மறுத்தல் அடுத்து, பிறர் நூற்குற்றம் காட்டல் பின்னால் வருகிறது. ஏழில் எந்த நோக்கத்துக்கும் பொருந்துகிற நடுநிலைச் சொல்தான் நமக்கு வேண்டும். 'சுட்டு' போதுமே.

சி.வி. ராமன் நகர்

"400 முறை சுட்டப்பட்ட கட்டுரை." தட்டச்சில் ஒரு 'ட்' விழுந்தால் துப்பாக்கிச் சூடு. விழாவிட்டாலும், எங்கிருந்தோ 'சுட்ட' கட்டுரை என்றுதான் மாணவர்கள் படிப்பார்கள். சுட்டியை மவுஸ் எடுத்துக்கொண்டது, சுட்டெண் இன்டெக்ஸுக்குப் போய்விட்டது. "சுட்டுச் சுட்டெண்" என்று யார் சொல்வது?

ஜெயநகர்

வினையாக விடாமல் பெயராகக் கட்டிப்போடுவோம். நாம் பிறருக்குத் தருவது தருசுட்டு, பிறரிடமிருந்து நமக்கு வருவது பெறுசுட்டு. இரண்டும் வினைத்தொகை. பெற்ற, பெறுகிற, பெறும் மூன்றும் அதில் அடக்கம். ஆசிரியர் இறந்த பிறகும் ஏறிக்கொண்டே போகிற எண்ணிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை. திசையும் தெளிவு: "60 தருசுட்டு, 400 பெறுசுட்டு."

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு சுட்டப்படுகின்றன என்று ஒரே எண்ணில் சொல்லும் எச்-இன்டெக்ஸுக்கும் ஒன்று சொல்கிறேன்: ஈடெண். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் வகுத்த முறை இதுதான். கட்டுரைகளைப் பெறுசுட்டு அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அடுக்கு. வரிசை எண்ணுக்குப் பெறுசுட்டு ஈடு கொடுக்கிற கடைசி இடத்தில் நில். கற்பனைக் கணக்கு: 310, 95, 40, 22, 12, 7, 6, 3, 1. ஆறாவது கட்டுரைக்கு 7, ஈடு கொடுக்கிறது. ஏழாவதுக்கு 6, கொடுக்கவில்லை. ஈடெண் 6. கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடல் தளத்தின் ஐ10 அளவு இதே ஆளுக்கு 5, ஏனென்றால் 10-க்குக் குறையாதவை ஐந்துதான். அந்த 310 நாளைக்கு 3,000 ஆனாலும் ஈடெண் அசையாது.

உளவியலாளர் ஸ்ட்ரூப் இதில்தான் அடிபடுகிறார். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்ன 1935 கட்டுரை உளவியலில் மிக அதிகமாகச் சுட்டப்படுபவற்றுள் ஒன்று. ஆனால் அவர் விரைவில் விவிலியம் கற்பிக்கப் போய்விட்டார், ஆய்வுக் கட்டுரைகள் சில மட்டுமே. ஒரு துறையையே நடத்துகிற கட்டுரை, சுண்டைக்காய் ஈடெண்! போதாததற்கு, இப்போது பலர் "ஸ்ட்ரூப் விளைவு" என்று எழுதிவிட்டுக் கட்டுரையைச் சுட்டுவதே இல்லை. சமூகவியலாளர் மெர்ட்டன் பெயரிட்ட இந்த நிலைக்கு 'உட்கரைவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்லேசுவரம்

பெறுசுட்டு, தருசுட்டு எனக்குச் சம்மதம். ஈடெண் பற்றி ஒரு தயக்கம்: எச் என்பது ஹிர்ஷின் எழுத்து, தேடுகிறவர் அதைத்தான் தட்டுவார். முதல் முறை "ஈடெண் (எச்-இன்டெக்ஸ்)", பிறகு ஈடெண் மட்டும்.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கு: எண்ணை எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று எழுதாமல் எண் போடாதீர்கள். கூகுள் ஸ்காலர் தளம் ஆய்வேடு, முன்னச்சு, நூல் எல்லாவற்றையும் அள்ளும், அதனால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். பேடலியும் ஹிட்சும் 1974-இல் எழுதிய 'செயல் நினைவு' ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயம். இதழ்களை மட்டும் எண்ணினால் அதுவே காணாமல் போகும். கானமன், ட்வெர்ஸ்கியின் 1979 கட்டுரை வந்ததோ 'எக்கனாமெட்ரிகா' என்ற பொருளியல் இதழில். அதற்கு வந்த பெறுசுட்டை உளவியலுக்குள் மட்டும் தேடினால் பாதி ஆற்றில் இறங்கிய கதை.

நம்மவர்களுக்குத் தலைப்பெழுத்துத் தொல்லை தனி. ஒரு கட்டுரையில் முதலெழுத்து, அடுத்ததில் அப்பா பெயர் முழுதாக, அதற்கடுத்ததில் அது கடைசிப் பெயராக. ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்து, ஈடெண்ணும் சிதறிவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக 2012-இல் வந்த 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு எண்ணுங்கள்.

வரைவின் வரி இப்போது இப்படி: "இக்கட்டுரை இதுவரை 400 பெறுசுட்டு பெற்றுள்ளது (ஸ்காலர், எடுத்த தேதி), தன்சுட்டு நீக்கி." தன்சுட்டு என்றால் ஆசிரியர் தம் கட்டுரையைத் தாமே சுட்டுவது.

சி.வி. ராமன் நகர்

"பெறுசுட்டு பெற்றுள்ளது" வேண்டாம், பெற்றதையே இரண்டு முறை பெறுகிறது. "பெறுசுட்டு 400" போதும்.