ஹார்டு டிஸ்க்குல படம் பார்க்க எந்த பிளேயர்? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திருச்சிக்காரன்:
அப்பாவுக்கு ஓடிடி எல்லாம் ஒத்து வராது. மோசர் பேர் கம்பெனி டிவிடி 34 ரூபாய்க்கு வித்த காலத்துல வாங்கிச் சேர்த்தது ஒரு அலமாரி நிறைய இருக்கு. டிவிடி பிளேயர் செத்துப்போச்சு. எல்லாத்தையும் 1 டெராபைட் டிஸ்க்குல ஏத்தி, டிவி பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி வெச்சுடலாம்னு கிளம்பினேன்.

கடையில எந்தப் பெட்டியை எடுத்தாலும் "ஃபுல் எச்டி, எல்லா ஃபார்மட்டும் ஓடும்"னு அட்டையில போட்டிருக்கு. அதை நம்பி என்ன பண்றது? வீட்டு டிவியில தகராறு பண்ற ஃபைலா பார்த்துப் பொறுக்கி, தனி ஃபோல்டர்ல போட்டு டிஸ்க்கோட எடுத்துட்டுப் போயிருந்தேன். டிடிஎஸ்ங்கிற தியேட்டர் வகை சவுண்டு உள்ள எம்கேவி வீடியோ ஃபைல் ஒண்ணு, 10 பிட் எச்.265ங்கிற புது முறையில சுருக்கின படம் ஒண்ணு, டிவிடியிலிருந்து அப்படியே எடுத்த ஃபோல்டர், தமிழ் சப்டைட்டில் ஒண்ணு. கடைப்பையனுக்கு முகம் சுருங்கிடுச்சு. முதலாளிதான் "போட்டுக் காட்டுடா"ன்னார்.

முதல் பெட்டியில படம் பளிச்சுனு ஓடுது, வாயசைக்கிறாங்க, பேச்சே வரல. டிடிஎஸ் போடணும்னா லைசன்ஸ் காசு கட்டணும். அதுக்காகவே விலை கம்மியான பெட்டிகள்ல, ஏன் பல புது டிவியிலயும்கூட, அதைக் கழட்டி விட்டுடறாங்க. ரெண்டாவதுல சவுண்டு வந்துச்சு, ஆனா டிவிடி ஃபோல்டர் சொதப்பல். டிவிடிக்குள்ள படம் 1 ஜிபி துண்டு துண்டாத்தான் இருக்கும். அதை ஒரே படமாச் சேர்த்து ஓட்டத் தெரியணும். இந்தப் பெட்டி ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் நின்னு, "அடுத்தது எது?"ன்னு நம்மளைப் பார்த்துது. அப்பா எழுந்து போயிடுவார்.

சப்டைட்டில்தான் பெரிய கூத்து. ஒண்ணுல வெறும் கட்டம் கட்டமா வந்துச்சு. இன்னொண்ணுல எழுத்து வந்துச்சு, ஆனா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. "கெ" போட்டா முதல்ல "க", அப்புறம் கொம்பு. ஃபைலை யுடிஎஃப்-8ங்கிற யூனிகோடு முறையில சரியாச் சேமிச்சிருந்தாலும் பிளேயருக்குத் தமிழைக் கோக்கத் தெரியலைன்னா இந்தக் கதிதான். கடைசியில ஆண்ட்ராய்டு பெட்டி ஒண்ணுல விஎல்சிங்கிற இலவச பிளேயர் ஆப்பைப் போட்டுப் பார்த்தோம். நாலும் ஓடுச்சு. அதையே எடுத்துட்டேன்.

ஷார்ஜா ரூம்மேட்:
தம்பி, ஃபைலை மட்டும் பார்த்தா போதாது, கரண்டையும் பாருங்க. எங்க ரூம்ல டிஸ்க்கைச் செருகினா "டிக்... டிக்..."னு சத்தம் மட்டும் வரும், படம் வராது. டிஸ்க் போச்சுன்னு ஆளாளுக்குத் துக்கம் விசாரிச்சாங்க. லேப்டாப்புல போட்டா ஜம்முனு ஓடுது! விஷயம் என்னன்னா, யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டிய அளவு 500 மில்லிஆம்ப் கரண்டுதான், 3.0ன்னா 900. டிஸ்க்குக்குச் சுத்த ஆரம்பிக்கிற நேரத்துலதான் இழுவை அதிகம். பெட்டியால அதைக் கொடுக்க முடியல. ரெண்டு முனை உள்ள ஒய் கேபிள் வாங்கி, ஒண்ணைப் பெட்டியிலயும் இன்னொண்ணைப் போன் சார்ஜர்லயும் மாட்டினோம், சரியாப்போச்சு.

பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குன்னா தனியா 12 வோல்ட் அடாப்டர் இருக்கும், அதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. ஆனா ஊருக்குப் போறப்ப அந்தச் சுமை யார் தூக்குறது?

பழைய டபிள்யூடி டிவி லைவ் பெட்டி எங்கயாவது கிடைச்சா விடாதீங்கன்னு சொல்ல ஆசைதான். அதோட மெனுவைக் குழந்தைகூட ஓட்டும். ஆனா அது எச்.265க்கு முந்தின எச்.264 காலத்துப் பெட்டி, எச்.265 போட்டா கையை விரிச்சுடும். கம்பெனியும் அதைத் தயாரிக்கிறதை நிறுத்தியாச்சு.

கல்யாண வீடியோக்காரன்:
எனக்கு வர்ற போன்ல பாதி இந்த விஷயம்தான். "அண்ணே, பென் டிரைவ் காலியா இருக்கு." காலி இல்லம்மா, உங்க டிவிக்குப் படிக்கத் தெரியல. டிரைவை ஃபார்மட் பண்ற முறை பல இருக்கு. எக்ஸ்ஃபேட்டுல கொடுத்தா சில பழைய பெட்டிக்குக் கண்ணே தெரியாது. ஃபேட்32 எல்லாத்துலயும் ஓடும், ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது. முகூர்த்தம் மட்டுமே அதைத் தாண்டும். இன்னொரு ஸ்டுடியோல 4 ஜிபி கணக்குக்கு வெட்டிக் கொடுத்து, சரியா தாலி எடுத்துக் கொடுக்கிற இடத்துல துண்டு விழுந்துச்சு. பொண்ணோட அம்மா அந்த ஆளை இன்னும் மன்னிக்கல. நான் என்டிஎஃப்எஸ்ங்கிற இன்னொரு முறையில கொடுத்துடறேன். வாங்குற பெட்டி அதைப் படிக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

டிடிஎஸ் பிரச்சினைக்குப் புதுப் பெட்டியே வாங்கணும்னு இல்ல. கம்ப்யூட்டர்ல எஃப்எஃப்எம்பெக்ங்கிற இலவச மென்பொருள் இருந்தா வீடியோவைத் தொடாம சவுண்டை மட்டும் ஏசி3ங்கிற வேற சவுண்டு வகைக்கு மாத்திடலாம். படத்தை மறுபடி என்கோட் பண்றதில்லைங்கிறதால சீக்கிரம் முடிஞ்சுடும்.

திருச்சிக்காரன்:
வீடியோக்கார அண்ணே, நன்றி, மிச்சப் படங்களுக்கு அதைச் செஞ்சுக்கறேன். ஷார்ஜா அண்ணே, ஒய் கேபிள்னு கேட்டா இங்க கடையில முழிக்கிறாங்க.

ஷார்ஜா ரூம்மேட்:
அப்ப விடுங்க, தனி அடாப்டரோட வர்ற யூஎஸ்பி ஹப் கேளுங்க. டிஸ்க்கு அதுல, அது பெட்டியில. அடாப்டர் இல்லாத ஹப்பை மட்டும் தலையில கட்டப் பார்ப்பாங்க, வாங்கிடாதீங்க.