மறு: பிஸ்டன் கிளியரன்ஸ் - இடைவெளியா, விரிவிடமா, விடுவெளியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இன்ஜினின் சிலிண்டர் துளைக்குள் ஓடும் பிஸ்டனுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே விடுகிற சிறு வெளிதான் பிஸ்டன் கிளியரன்ஸ். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். இடைவெளியே போதும் என்று சிலர், விரிவிடம் வேண்டும் என்று சிலர். நான் குன்னூரில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்கும், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகும் பையன்களின் வண்டிகளுக்கும் இன்ஜின் கட்டுவது என் தொழில். என் பரிந்துரை 'விடுவெளி'. காரணங்களைச் சொல்கிறேன்.

> இடைவெளி என்று எளிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இரண்டு பொருளுக்கு நடுவே என்ன இருந்தாலும் அது இடைவெளிதான். இன்ஜினில் அது போதாது. வேண்டுமென்றே விட்டது ஒன்று, தேய்ந்து உண்டானது ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வேலை கெடும். தேய்ந்ததற்குப் பட்டறையில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: ஆட்டம். "ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கு", "பேரிங் ஆட்டம் கொடுத்துடுச்சு" என்று மேட்டுப்பாளையம் முதல் கூடலூர் வரை எந்த மெக்கானிக்கும் சொல்வார். அதை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் போர் போட்ட, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிய, இன்ஜினில் இருப்பது ஆட்டம் அல்ல. அது கணக்குப் போட்டு விட்டது. லேத்துக்குச் சொல்லி அனுப்பும்போதும் "ரெண்டு தௌ விட்டுப் போர் போடச் சொல்லு" என்றுதான் சொல்கிறோம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 25.4 மைக்ரான். அந்த 'விட்டு' என்ற வினையிலிருந்துதான் சொல்லை எடுக்கிறேன்.

இடைவெளி என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி 0.08 மில்லிமீட்டர் என்று எழுதினால், புதிதாக வேலை கற்கும் பையன் ஒரு பக்கத்தில் 0.08 என்றுதான் நினைப்பான். பிஸ்டன் நட்டநடுவில் நின்றால் பக்கத்துக்கு 0.04தான் கிடைக்கும். 0.08 என்பது துளையின் விட்டத்திலிருந்து பிஸ்டனின் விட்டத்தைக் கழித்தால் வருவது. வரையறையில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும். எந்த அகராதியில் சேர்த்தாலும் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

அளப்பது எப்படி என்று தெரிந்தால் வரையறை இன்னும் தெளிவாகும். போர் டயல் கேஜைத் துளைக்குள் இறக்கி மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால், முள் ஓர் இடம் வரை போய்த் திரும்பும். திரும்பும் அந்தப் புள்ளிதான் அந்த ஆழத்தில் விட்டம். மேலே, நடுவே, கீழே என மூன்று ஆழத்திலும், கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வாட்டத்திலும் அதற்குக் குறுக்கேயும் பார்ப்போம். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடிப்பது, பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஆணியான பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட் எனும் கீழ்ப்பக்கச் சுவர்ப் பகுதியில், தயாரித்தவர் தாளில் சொன்ன உயரத்தில். இடம் மாறினால் எண்ணும் மாறிவிடும், ஏனென்றால் பிஸ்டன் முழு வட்டம் இல்லை. அந்தப் பின்னின் வாட்டத்தில் சற்று ஒடுங்கிய நீள்வட்டமாகவும், தலைப்பக்கம் சிறுத்தும் கடைந்திருப்பார்கள். அதிக வெப்பம் படுவது தலையில், அதிக உலோகம் இருப்பது அந்தப் பின் நுழையும் மேடையில். அந்த இடங்கள்தான் அதிகம் விரியும். ஆக, ஒரே பிஸ்டனைச் சுற்றி இடைவெளி இடத்துக்கு இடம் வேறு. விடுவெளி ஒன்றுதான், ஸ்கர்ட்டின் குறித்த இடத்தில் அளந்தது.

> வெப்பத்தில் விரிய இடம் கொடுப்பதால் 'விரிவிடம்' பொருத்தமல்லவா?

பிஸ்டனுக்கும் சுவருக்கும் மட்டும் என்றால் இது மிக நல்ல சொல். அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 74 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே 100 டிகிரி ஏறினால் பிஸ்டன் 0.15 அளவுக்கு வளரும், இரும்புத் துளை 0.08 அளவுக்குத்தான் வளரும். வித்தியாசம் 0.07. அதனால்தான் பிஸ்டனின் உலோகத்தைப் பார்த்து விடுகிறோம். சாதாரண வார்ப்புப் பிஸ்டனுக்கு 0.03 முதல் 0.05 வரை போதும். 12 சதவீதம் சிலிக்கான் கலந்த 4032 என்ற அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த (ஃபோர்ஜ்டு) பிஸ்டனுக்குக் கொஞ்சம் கூடுதல். சிலிக்கான் மிகக் குறைந்த 2618 கலவை இன்னும் அதிகம் விரியும், அதற்கு 0.08 தாண்டியும் போகும். டர்போ வைத்தால் அதற்கு மேல். கடைசி வார்த்தை எப்போதும் பிஸ்டன் பெட்டியில் வரும் தாளுடையது.

ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் இதைக் காதால் கேட்கலாம். 2618 பிஸ்டன் போட்ட வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடம் பிஸ்டன் சுவரில் தட்டும். சூடேறச் சூடேற ஓசை அடங்கும். அந்தத் தட்டலுக்குப் பயந்து விடுவெளியைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. நான் குறைப்பதில்லை. குளிரில் ஸ்டார்ட் செய்த உடனே ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிஸ்டன் முதலில் சூடாகும், தண்ணீர் சூழ்ந்த சுவர் பின்தங்கும். சுவர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்துவிடும். அப்போது விடுவெளி முழுவதும் தீர்ந்து, பின்னின் இரு பக்கமும் ஸ்கர்ட்டில் நான்கு மூலைகளில் உரசிய தடம் விழும். கழற்றிப் பார்த்தால் அந்த நான்கு தடமே கதையைச் சொல்லிவிடும். பர்லியாறிலிருந்து குன்னூர் வரை பாரத்தோடு ஏறும்போது சீஸ் ஆவது, அதாவது பிஸ்டன் இறுகி நின்றுபோவது, வேறு வகை. அங்கே குளிர்விப்பு போதாமல் எல்லாமே சூடாகிறது.

சரி, விரிவிடத்துக்கு வருகிறேன். அந்தச் சொல் வால்வுப் பக்கம் போனால் நிற்காது. வால்வைத் தள்ளித் திறக்கும் கேமை உயரமானதாகப் போட்டு, சிலிண்டருக்கு மூடியான ஹெட்டையும் இழைத்த இன்ஜினில் வால்வு பிஸ்டனை முட்டக்கூடும். இதைப் பார்க்க பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களியை அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டி, டைமிங் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுவோம். ஹெட்டைத் திறந்து களியைப் பிளேடால் அறுத்து, மெலிந்த இடத்தை அளந்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். இன்லெட்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்குச் சுமார் 2.5 வைப்பது வழக்கம். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூட்டில் நீளும், அதோடு அது மூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. ஸ்பிரிங் தளர்ந்து வால்வு கொஞ்சம் தாமதித்தாலும் முட்டிக்கொள்ளும். இங்கே விடுவது விரிவுக்காக மட்டும் அல்ல, மோதாமல் இருக்கவும்தான்.

பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே விடுகிற ஒரு மில்லிமீட்டரும் அப்படித்தான். அது குறைந்தால் அதிவேகத்தில் ராடு நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தொடும். கூடினால் கலவை சரியாகக் கலங்காமல் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, வரும். இரண்டு பக்கமும் எல்லை உள்ளதாக, ஒரு நோக்கத்தோடு விடுவது இது. விடுவெளி என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது: சுவர் விடுவெளி, வால்வு விடுவெளி, தலை விடுவெளி, வால்வைத் தள்ளும் டாப்பெட்டில் டாப்பெட் விடுவெளி. பிஸ்டனைச் சுற்றிய ரிங்கின் முனைகளுக்கு நடுவே விடுவதை முனை விடுவெளி என்று சொல்லலாம். 74 துளைக்கு அது 0.30 பக்கம் வரும்.

இலக்கணத்தைக் கேட்ட நண்பருக்கு: சுடுநீர், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. விட்ட வெளி, விடுகின்ற வெளி, விடும் வெளி மூன்றும் அடங்கும். வரைபடம் போடுகிறவருக்கும், போர் போடுகிறவருக்கும், பூட்டி முடித்து அளக்கிறவருக்கும் ஒரே சொல். 'விடுவெளி வை', 'விடுவெளி போதவில்லை' என்று வாக்கியத்திலும் இடறாமல் வருகிறது. விடுப்பு என்று வைக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அலுவலக லீவுக்குப் போய்விட்டது, மீட்பது கடினம். டாலரன்ஸ் வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம். 0.08 விடு, அதில் 0.01 கூடக்குறைய இருந்தாலும் ஏற்போம் என்றால், 0.08 விடுவெளி, 0.01 பொறுதி.

கிரவுண்ட் கிளியரன்சையும் இதிலேயே சேர்க்கச் சொன்னார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. தரை உயரம் என்றாலே மக்களுக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் முடிவாகாதது கிரவுன், பினியன் என்ற ஒன்றோடொன்று பொருந்தும் பற்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே விடும் பேக்லாஷ். பட்டறையில் அதையும் ஆட்டம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் டயல் வைத்து, ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றி, அளந்து வைப்பதால் அது விடுவெளிக் கணக்கில் வர வேண்டும். பல் விடுவெளி என்று எழுதிப் பார்த்தேன், பல் மருத்துவம் போலக் கேட்கிறது. பற்சக்கரத் தொழிலில் இருப்பவர்கள் குழுமத்தில் இருந்தால், வேறு எந்தச் சொல் உங்கள் வாயில் புழங்குகிறது என்று எழுதுங்கள்.