ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத் தோலைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்களே, காது எப்படி இருக்கிறது?

சாட்ஸ்வொர்த் அக்கா:
எனக்கு 58. ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம், தைப்பூசக் காவடி பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது, தையல் எப்போதோ பிரித்தாயிற்று. சரி, அம்மாவின் கல்தோட்டைப் போடலாம் என்று கண்ணாடி முன் நின்று திருகாணியை இறுக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. மருமகள் எட்டிப் பார்த்து, "மாமி, ரத்தம்!" என்றாள். தண்டு துளைக்குள் போகாமல் பக்கத்துச் சதையைக் கீறியிருக்கிறது. மஞ்சள் புடவைத் தோளில் இரண்டு சொட்டு. காதுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வெட்டுகிற இடத்தை ஒட்டியே போகிறதாம். 'மரத்துப்போகலாம்' என்று கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது. கால் மரத்துப்போவது மாதிரி என்று நினைத்துவிட்டேன்.

பீனிக்ஸ் தம்பி:
அக்கா, இது பரவாயில்லை. என் அத்தைக்கு ஆபரேஷன் ஆன அன்று ராத்திரியே இடது கன்னம் மட்டும் தேங்காய் மாதிரி புடைத்து, விண் விண் என்று தெறித்தது. உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. இரண்டு மணிக்குத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்கு. மீன் எண்ணெய் ரத்தக்கசிவைக் கூட்டலாமாம், தினம் அந்த மாத்திரை போடுவதை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. "அது மருந்தா என்ன?" என்று இன்னும் கேட்கிறார்.

டர்பன் வாசி:
மீன் எண்ணெயை மட்டும் பழிக்காதீர்கள் தம்பி. அத்தைக்கு பிரஷர் எவ்வளவு இருந்தது? ரத்தம் கட்டுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஆண்களுக்கு இன்னும் அதிகம், தாடி இருக்கும் தோலில் ரத்த ஓட்டம் கூடுதல்.

நான் செய்துகொள்ளவில்லை. ஆலோசனைக்குப் போனபோது டாக்டர் "சிகரெட்?" என்றார். "இல்லை" என்றேன். அவர் பேசாமல் என் விரல் நுனியைப் பார்த்தார், மஞ்சள் கறை. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தூக்கித் தைத்த தோல் காதுக்குப் பின்னால் கறுத்துச் செத்துப்போகலாம். அதனால் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும், நிகோடின் பட்டையும் ஆகாது. அப்புறம், டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜன்தானா என்று ஹெச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்காவில் டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவேட்டில் தேடிப் பாருங்கள், யாரும் பார்க்கலாம். அழகுக்காகச் செய்தால் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தராது. நம் தோலில் தழும்பு தடித்து வளரலாம், காது குத்திய இடம் முன்பு தடித்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கண் இமையும் உதட்டுக் கோடும் இதில் சரியாகாது, அது வேறு வேலை...

சாட்ஸ்வொர்த் அக்கா:
டர்பன்காரரே, நான் கேட்டது காதை. எட்டு மாதமாகிறது, வலது மடல் இன்னும் யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஹேர் டிரையர் பக்கமே போவதில்லை, சுட்டாலும் தெரியாது. யாருக்காவது உணர்ச்சி திரும்பியதா? எத்தனையாவது மாதத்தில்?