நீல் தீவு – போர்ட் பிளேர் படகு: ஏற்காடு பஸ்ஸுக்கே வாந்தி எடுக்கற அம்மாவோட போலாமா?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

பிப்ரவரி ரெண்டாவது வாரம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்தமான் போறேன். ஏஜென்ட் வாட்ஸப்புல அனுப்புன தாள்ல, கடைசி நாள் காலைல 8 மணிக்கு 'ஷஹீத் த்வீப் – ஸ்ரீ விஜயபுரம்' படகு, பகல் 1 மணிக்கு சென்னை ஃப்ளைட்டுன்னு இருக்கு. நாங்க கேட்டது நீல் தீவும் போர்ட் பிளேரும். ஊரையே மாத்திட்டாரா?

பெரிய கவலை அம்மாதான். வயசு 62. ஏற்காட்டு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவுல ஏழாவதுலயே முகம் வெளுத்துடும். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு, கையில எலுமிச்சம்பழம், வாயில பேச்சே இருக்காது. போன கோடை விழாவுக்குப் போயி, பூவைப் பாக்காம ஏரிக்கரையில துண்டு விரிச்சுப் படுத்துட்டுத் திரும்பி வந்தோம். இப்ப "கடல்ல வளைவே இல்லையேடா"ங்கறாங்க. படகுல மொத சீட்டு கேட்டு வாங்கணுமா? அரசாங்கப் படகா, தனியாரா?

அம்மாபேட்டை தறிக்காரர்:

தம்பி, ஊர் மாறல, பேருதான் மாறுச்சு. நீல் 2018 டிசம்பர்ல ஷஹீத் த்வீப் ஆச்சு, போர்ட் பிளேர் 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரர்கிட்ட பழைய பேரே போதும். நெறைய இடத்துல தமிழ்லயே பேசிக்கலாம்.

மொத சீட்டு மட்டும் கேட்டுடாதீங்க! பஸ்ஸுல முன்னாடி உக்காந்தா அடுத்த வளைவு தெரியும், உடம்பு தயாராயிடும். படகுல முன்பக்கம்தான் எழும்பி எழும்பி விழும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால, கீழ்த்தளம்னு கேளுங்க.

தனியார் படகு ஒரு மணியிலேர்ந்து ஒண்ணரை மணி நேரம். பெரும்பாலும் கண்ணாடி மூடுன ஏசி. அரசாங்கப் படகு ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும், எஞ்சின் சத்தம், டீசல் வாடை எல்லாம் உண்டு. ஆனா மேல்தளத்துல நின்னு காத்து வாங்கலாம். எங்க வீட்டம்மா அதுல கடலைப் பாத்துக்கிட்டே சும்மா வந்தாங்க, ஏசிக்குள்ளதான் குமட்டுச்சு. தீவுக்காரங்களுக்கு அரசாங்கப் படகுதான் டவுன் பஸ்ஸு, டிக்கெட் கிடைக்கறது கஷ்டம்.

இதெல்லாம் இருக்கட்டும். ஃப்ளைட் அன்னைக்கே படகு ஏறாதீங்க. நாங்க ஜூலைல போனோம். கடல் கொந்தளிக்குதுன்னு காலைல எல்லாப் படகையும் நிறுத்திட்டாங்க. படகுத்துறைல பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, எங்க ஃப்ளைட் கெளம்புற நேரத்தைக் கடிகாரத்துல பாத்தோம். நாலு டிக்கெட் போச்சு. பிப்ரவரிக் கடல் சாதுதான், ஆனா வானிலை சரியில்லேன்னா எந்த மாசமும் நிறுத்துவாங்க. முந்துன நாளே போர்ட் பிளேர் வந்துடுங்க.

மாத்திரைச்சீட்டு, அஸ்தம்பட்டி:

மருந்துக்கடைல நிக்கறவன் சொல்றேன். ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் மாத்திரை போட்டா வாந்தியோட அதுவும் வந்துடும். ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். தூக்கம் வரும். அம்மா பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிட்டாலோ கண்ணுல நீர் அழுத்தம் இருந்தாலோ டாக்டரைக் கேக்காம எதுவும் வாங்காதீங்க. வெறும் வயிறும் ஆகாது, ரெண்டு இட்லி போதும். போனைப் பாக்கக் கூடாது. காது 'ஆடுது'ங்கும், கண்ணு 'அசையல'ங்கும். அந்தச் சண்டைலதான் வயிறு பொரட்டுது. தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாக்கச் சொல்லுங்க.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

ஏஜென்ட்கிட்ட சண்டை போட்டு முந்துன நாள் மத்தியானப் படகுக்கு மாத்திட்டேன். தனியார்தான் கிடைச்சுது. நீல்ல ஒரு சாயங்காலம் போச்சேன்னு அம்மாவுக்கு வருத்தம்.

அம்மாபேட்டை தறிக்காரர்:

அங்க சாயங்காலமே சின்னதுதான் தம்பி. கடிகாரம் நம்ம மணி, சூரியன் மட்டும் சேலத்தை விட ஒரு மணி நேரம் முந்தி. பிப்ரவரில அஞ்சரைக்கெல்லாம் விழுந்துடும். தனியார் படகு ஹேடோ துறைல நிக்கும், அரசாங்கப் படகு ஃபீனிக்ஸ் பே துறைல. ரூம்காரர் ஆட்டோ அனுப்பறேன்னா எந்தத் துறைன்னு சொல்லிடுங்க. மறுநாள் காலைல நேரம் இருந்தா செல்லுலார் ஜெயிலைப் பாத்துட்டு ஏர்போர்ட் போங்க, பக்கந்தான்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

நன்றிங்கண்ணா. அம்மா கேக்கச் சொன்னாங்க: எலுமிச்சம்பழத்தை ஃப்ளைட்ல விடுவாங்களா?

மாத்திரைச்சீட்டு, அஸ்தம்பட்டி:

தாராளமா. ரெண்டா எடுத்துக்கச் சொல்லுங்க, உங்களுக்கும் ஒண்ணு வேணும். நீங்களும் இதுவரைக்கும் கடல் படகு ஏறுனதில்லைதானே?