உடைஞ்ச சைக்கிளும் ஒத்தைச் சில்லு வண்டியும்

பழைய சாமானில தோட்டத்துக்குக் கருவி செய்யப் போய்ப் பட்ட பாட்டை இலங்கையின்ட கிழக்குப் பக்கத்து நாலு பேர் சொல்லுறம். ஆர் பேசுறார் எண்டதுக்கு அவரவர் ஊர்ப்பேர்.

கல்லடி:

2022 நடுவில, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னாங்களே, அப்பதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்ச. லீவு கிடைச்சுட்டு. மண் அள்ளுற ஒத்தைச் சில்லு வண்டி, அதான் வீல்பரோ, அதுட விலையைக் கேட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வந்தன்.

கோடிக்குள்ள மாமாட பழைய சாமான் குவியல். நீலப் பிளாஸ்டிக் பரல் ஒண்டு, ரெண்டு ஜீஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்), உடைஞ்ச சைக்கிள்ட முன்சில்லு. பரலை நெடுக்கால பிளந்து ஒரு பாதியை எடுத்தன். பைப்பை வளைச்சு, வெல்டிங்ல ஒட்டிக் கைபிடியாக்கி, முன்னுக்குச் சில்லைப் பூட்டினன். பார்க்க நல்ல வடிவு. படமெல்லாம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினன்.

முதல் நடை மண் ஏத்தினதோட வடிவு முடிஞ்சுது. கல்லடி மணலைத் தெரியும்தானே, நடந்தாலே செருப்பு நிறைஞ்சிரும். சைக்கிள் சில்லு கத்தி மாதிரி இறங்கிட்டு. இழுத்து எடுத்து கிணத்தடியால திருப்பக்குள்ள கம்பிகள் ஒவ்வொண்டாத் தெறிச்சு, சில்லு எட்டுப்போல நெளிஞ்சுட்டு. சைக்கிள்ல திரும்பக்குள்ள சைக்கிளோட சேர்ந்து நாங்களும் சாயுறம், பாரம் சில்லுட நேருக்கே இறங்கும். வீல்பரோவில பாரம் பக்கத்துக்குச் சரியும். அந்த மெல்லிய கம்பி அதைத் தாங்காது. இதை முதலே யோசிச்சிருக்கலாம்.

மற்றப் பிழை, சில்லுக்கும் பரலுக்கும் நடுவில ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தன். அதால பாரத்தில பெரும்பங்கு என்ட கையில. மாமி திண்ணையில இருந்து பார்த்துட்டு, "மனே, கடகத்தில அள்ளியிருந்தா மத்தியானத்துக்கு முடிஞ்சிருக்குமே" எண்டா.

இப்ப பூட்டியிருக்கிறது பழைய ஸ்கூட்டர் சில்லு. பரலை அதுக்குக் கிட்டவே கொண்டு வந்துட்டன். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டா மணல்ல அகண்டு நிக்கும், புதையாது. இண்டு வரைக்கும் ஓடுது.

ஃபேன் கூட்டை அரிதட்டாக்கினதும் ஒரு கதை. கல்லுப் பொறுக்க நல்லம், மண் அரிக்க உதவாது.

சம்மாந்துறை:

அண்ணன், நான் மாட்டினது லொறி வில்லுத்தகட்டில (லீஃப் ஸ்பிரிங்). லொறிக்காரர் ஒராள் கழட்டிப் போட்ட தகடு. புல்லுச் செருக்க உழவாரம் ஒண்டு செய்வம் எண்டு கிரைண்டரால வெட்டி, சிரட்டைக் கரியில சிவக்கக் காய்ச்சி, கிணத்துத் தண்ணிக்குள்ள விட்டன். 'டிக்' எண்டு ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தா தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. ரெண்டாம் கொத்தில வாய்ப்பக்கம் தனியா, பிடிப்பக்கம் தனியா.

வாப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அங்க கொல்லர் சிரிச்சுப்போட்டு முழுக்கச் சொல்லித் தந்தார். வில்லுத்தகடு தண்ணிக்குப் போகப்படாது, அது எண்ணெய்க்கு உரிய உருக்கு. முதல்ல காய்ச்சி உமிச் சாம்பலுக்குள்ள புதைச்சு ராவைக்கு விட்டா இளகும், பிறகு அராவலாம், துளை போடலாம். எங்கட ஊரில உமிக்கு என்ன பஞ்சம்! வாய் அராவி முடிஞ்சா திரும்பச் சிவக்கக் காய்ச்சிறது. எவ்வளவு காய்ச்சலாம் எண்டதுக்குப் பழைய ஸ்பீக்கர்ல கழட்டின காந்தம் ஒண்டு வச்சிருந்தார். காந்தம் ஒட்டாம விட்டா சூடு காணும், உடனே எண்ணெய்.

அதோட விட்டா கண்ணாடி மாதிரி உடையும். மினுக்கிப் போட்டு, மெல்லிய தணல்ல பிடிக்க நிறம் ஓடும். வைக்கோல் நிறம் கத்திக்குக் காணும். கல்லில முட்டிற உழவாரத்துக்கு அதைத் தாண்டிக் கபிலம் ஏறக்குள்ள நிப்பாட்டணும். என்ட ரெண்டாவது உழவாரம் இப்பவும் வீட்ட இரிக்கி. உம்மா அதை ஆருக்கும் இரவல் குடுக்கிறல்ல.

களுவாஞ்சிக்குடி:

கல்லடி அண்ணன், அந்த ஜீஐ பைப்பை ஒட்டக்குள்ள வெள்ளைப் புகை வந்திச்சா? நான் கொட்டிலுக்குள்ள இருந்து கோழிக்கூட்டுக்கு நாலு பைப் ஒட்டினன். பின்னேரம் வாயில ஒரு இனிப்பு, ராவு நடுக்கத்தோட காய்ச்சல். டெங்கு எண்டு வீடே பதறிட்டு. ரத்தம் சோதிச்சா ஒண்டுமில்ல, அடுத்த நாள் காய்ச்சலும் இல்ல. பைப்புக்கு மேல பூசியிருக்கிற நாகம் (துத்தநாகம்) எரிஞ்சு வாற புகைதான் வேலை காட்டியிருக்கு. இப்ப ஒட்டுற இடத்தில அந்தப் பூச்சை அராவித்தான் எடுக்கிறன், வெளிய, காத்து முதுகில படுற மாதிரி நிண்டு.

மறுகா, அந்த நீலப் பரல் முன்னம் எதுக்குப் பாவிச்சது? களைநாசினி வந்த பரலெண்டா மரக்கறிப் பாத்திப் பக்கம் கொண்டு போகாதீங்க.

கொக்கட்டிச்சோலைப் பக்கம்:

நாங்க சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள மண்ணில இரும்பு தட்டுப்பட்டா தொடவே விடமாட்டாங்க. 2017 இல மட்டக்களப்பு மாவட்டத்தில கண்ணிவெடி முடிஞ்சுது எண்டு அறிவிச்சாங்க. இப்பவும் மண்வெட்டி 'ணங்' எண்டா அம்மா குசினிக்குள்ள இருந்து "என்னடா அது?" எண்டுதான் கேட்பா. அதால என்ட சாமானெல்லாம் பழைய இரும்புக் கடையில, கண்ணால பார்த்து நிறுத்து வாங்கினது. தேறினது ஒரு கொக்கத்தடி. கமுகந்தடி நுனியில தேஞ்ச அரிவாள், அதுக்குக் கீழ மாங்காய் விழ உரப்பையில தைச்ச வாய். அரிவாள்தான் ஒவ்வொரு கிழமையும் கழண்டு விழுது.

கல்லடி:

பரல் சவர்க்காரத் தண்ணி வந்தது, மாமாட்டக் கேட்டுட்டன். புகை வந்ததுதான், காத்துக்கு நிண்டதால தப்பியிருப்பன் போல.

சம்மாந்துறைத் தம்பி, அந்த லொறிக்காரரிட்ட வில்லுத்தகடு இன்னும் ஒரு துண்டு கிடக்குமா?