விசா புல்லட்டின் தேதியைக் கொண்டு காத்திருப்பைக் கணக்கிட முடியுமா?

வைகைக்கரை

அமெரிக்காவின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியான கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். எனது முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் நாள், 2015 மார்ச். பிரிவு இபி-2 (வேலைவாய்ப்பு வழியில் உயர்கல்வி பெற்றோருக்கானது), பிறந்த நாடு இந்தியா. அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உள்ள இறுதி நடவடிக்கைத் தேதிக்கு முன் முன்னுரிமைத் தேதி உள்ளவர்களுக்கே அந்த மாதம் முறை வரும். 2022 செப்டம்பரில் எங்கள் வரிசைக்கு அது 1 டிசம்பர் 2014 வரை வந்தது. சில மாத இடைவெளியில் நான் வெளியே நின்றேன். இப்போது மகளுக்குப் பதினேழு வயது. 21 ஆகிவிட்டால் அவள் எங்கள் விண்ணப்பத்தில் சேர முடியாது. அவள் 21 வயதைத் தாண்டுவதற்குள் எங்கள் முறை வருமா என்பதை இந்தத் தேதிகளைக் கொண்டு ஓரளவேனும் கணிக்க முடியுமா?

டல்லாஸ் கணக்கன்

முடியும், ஐயா. 2023 ஏப்ரல் புல்லட்டினில் இபி-2 இந்தியாவின் தேதி 1 ஜனவரி 2011. 2025 ஏப்ரலில் அது 1 ஜனவரி 2013. இரண்டு ஆண்டுகளில் சரியாக இரண்டு ஆண்டுகள் நகர்ந்திருக்கிறது. உங்களுக்கு அங்கிருந்து இன்னும் இரண்டே கால் ஆண்டுகள்தாம் மிச்சம் என்பதால், இதே வேகம் நீடித்தால் 2027க்குள் உங்கள் முறை வரும். அரசே மாதந்தோறும் வெளியிடும் எண்ணை நம்பாமல் வேறு எதை நம்பித் திட்டமிடுவது?

பொன்னி

நண்பரின் கழித்தல் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. புல்லட்டினில் உள்ள தேதி இந்த மாதம் யார் முன்னே வரலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. பின்னால் நிற்பவர் எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு அடிப்படை ஒதுக்கீடு 1,40,000. அதில் இபி-2 பிரிவுக்கு 28.6 விழுக்காடு, அதாவது சுமார் 40,000. ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பை அதன்மேல் வைத்தால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ 2,800 மட்டுமே உறுதி. அதிலும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவர் நான்கு எண்களை எடுத்துக்கொள்கிறார். இதற்கு மேல் கிடைப்பதெல்லாம் பிற நாட்டினர் பயன்படுத்தாமல் விட்டவை. அவை ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை.

நீங்கள் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கைத் தொடங்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏழு மாதம் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 2014 டிசம்பரில் நின்ற தேதி, அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்கும், பிறகு 2011 ஜனவரிக்கும் பின்வாங்கியது. பெருந்தொற்றின்போது தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் பயன்படாமல் போன குடும்ப விசாக்கள் சட்டப்படி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. 2022 நிதியாண்டில் ஒதுக்கீடு சுமார் 2,81,000 ஆனது. அந்த வெள்ளம் வடிந்ததும் தேதியும் இறங்கிவிட்டது. நீங்கள் இரண்டு ஆண்டு முன்னேற்றம் என்று காட்டுவது, இழந்த தரையின் ஒரு பகுதியை மீண்டும் எட்டிப் பிடித்ததே.

டல்லாஸ் கணக்கன்

பெருந்தொற்று ஆண்டுகள் விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதியை மறுக்கக் கூடாது என்பது என் கருத்து. தவிர, 2014 வரை உள்ள பலருக்கு அந்த வெள்ளத்திலேயே கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. எனவே இனி அந்த ஆண்டுகளைத் தேதி கடக்கும்போது வரிசை மெலிந்திருக்கும். வேகம் கூடவே வாய்ப்பு அதிகம்.

பொன்னி

வரிசை மெலிந்திருக்கும் என்பது நியாயமான வாதம். அதை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு மெலிந்தது என்பதை உங்களாலோ என்னாலோ பார்க்க முடியாது. புல்லட்டினில் விண்ணப்பத் தேதி என்று இன்னொரு பட்டியலும் உண்டு; இறுதி முறை வரும் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவைக்க அது வழிவிடுகிறது. 2020 அக்டோபரில் இபி-2வுக்கு அடுத்த பிரிவான இபி-3இல் இந்தியாவுக்கான விண்ணப்பத் தேதி 1 ஜனவரி 2015க்குத் தாவியபோது, இபி-2வில் நின்றவர்கள் பலர் இபி-3 வழியாக விண்ணப்பித்தார்கள். ஒரே மனிதருக்கு இரு வரிசையிலும் இடம் உண்டு. மேலும் 2025 ஏப்ரலில் 1 ஜனவரி 2013ஐத் தொட்ட தேதி, அந்த நிதியாண்டு முடியும் செப்டம்பர் வரை ஒரு நாள்கூட நகரவில்லை. உங்கள் சராசரி வேகத்தில் இந்த நிற்றலுக்கு இடமே இல்லை.

பருத்தித்துறை

நான் இலங்கையில் பிறந்தவன். இந்த நாட்டு வரம்பு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைத்தான் பார்க்கிறது. அதனால் என் பக்கத்து மேசையில் அதே வேலை பார்த்த திருச்சி நண்பர் இன்னும் காத்திருக்க, எனக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் கிடைத்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்த நாட்கள் உண்டு. தனி வரிசை இல்லாத நாடுகளுக்கான எங்கள் பொது வரிசையிலும் 2022 டிசம்பரில் தடைத் தேதி வந்தது. நாங்களே எங்கள் பங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்தியர்களுக்கு மிஞ்சி வருவதும் குறையும். ஆகவே பொன்னி அக்கா சொல்வதே எனக்கும் சரியாகப் படுகிறது.

வைகைக்கரை அண்ணா, உங்கள் மனைவி எங்கே பிறந்தவர் என்று தெரிந்துகொள்ளலாமா? துணைவரின் பிறந்த நாட்டு ஒதுக்கீட்டில் முழுக் குடும்பமும் சேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

வைகைக்கரை

கேட்டதற்கு நன்றி, தம்பி. அவரும் காரைக்குடியில் பிறந்தவர்தான். இளைய மகன் இங்கே பிறந்தவன். ஆனால் பிள்ளையின் பிறந்த இடம் பெற்றோருக்கு உதவாதாம்.

பொன்னி

ஆம், உதவாது. மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும்போது, வேலை தரும் நிறுவனம் நமக்காகப் போடும் ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கூடுதல் கட்டணம் கட்டிச் சில வாரங்களில் முடிவு வாங்கியவர்களுக்குக் கழிக்க நாட்களே இருப்பதில்லை. மேலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு, முன்தள்ளி நிற்கும் விண்ணப்பத் தேதிப் பட்டியலை விட்டு, இறுதி நடவடிக்கைத் தேதியையே வயதுக்கு அளவுகோலாக்கிவிட்டார்கள். ஆகவே 2027 என்ற ஒற்றை எண்ணை நம்பிக் கல்லூரித் திட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

டல்லாஸ் கணக்கன்

மகளின் விஷயத்தில் நான் பொன்னியோடு உடன்படுகிறேன். தேதி முன்னே நகர்கிறது என்ற என் கணிப்பைக் கைவிடவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் 21ஆம் பிறந்தநாளை அதன்மேல் வைக்க நானும் துணிய மாட்டேன்.

வைகைக்கரை

எங்கள் ஐ-140 பதினோரு நாளில் முடிந்தது என்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அன்று அதற்காக மகிழ்ந்தோம். மகளுக்கு மாணவர் விசா எடுப்பது பற்றி இந்த வாரமே வழக்கறிஞரிடம் கேட்கிறேன்.