இழை: பொறிவண்டை 'ஸ்பிரிட் கைடு' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

க. எழுதியது:
அன்பர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கான பூச்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். லேடிபேர்டுக்கு, அதாவது சிவப்பு முதுகில் கரும்புள்ளி வைத்த சிறு வண்டுக்கு, 'பொறிவண்டு' இருக்கிறது. வேளாண் துறையில் வழங்கும் சொல். முடிச்சு விழுந்தது நம்பிக்கைகள் பற்றிய பக்கத்தில். கையில் வந்து உட்கார்ந்தால் நல்லது நடக்கும், பறந்துபோகும் திசையிலிருந்து மாப்பிள்ளை வருவான் என்பவை ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கைகள். இக்காலத்தவர் அதை 'ஸ்பிரிட் கைடு', அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் ஆன்மத் துணை, என்கிறார்கள். 'ஆவி வழிகாட்டி' என்று போட்டால் பிள்ளைகள் பேய் என்றுதான் படிப்பார்கள். பெயரிலுள்ள 'லேடி' கன்னி மரியாள். அதுவும் பொறிவண்டில் வரவில்லை.

மு. எழுதியது:
ஐயா, அகநானூறு 14-இல் 'ஈயல் மூதாய் வரிப்ப' என்று மழைக்காலத்துச் செந்நிலத்தில் ஊர்கிறதே, அந்தச் சிவப்புப் பூச்சியை மறக்கலாமா? மூதாய் என்றால் முதிய தாய். அவர்கள் மரியாள் என்றார்கள், நாம் மூதாய் என்றோம். வடமொழியில் அது இந்திரகோபம். ரஷ்யரும் ஐரிஷ்காரரும் லேடிபேர்டைக் 'கடவுளின் பசு' என்கிறார்கள். எபிரேயத்தில் 'மோசேயின் பசு'. ஆ என்றால் பசு, ஆய் என்றால் தாய். இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. 'மூதாய் வண்டு' என்றே வையுங்கள்.

தெ. எழுதியது:
மு. ஐயா, அந்த வேர் நிற்காது. ஆய் என்பது யாய், ஞாய், தாய் என்ற வரிசையோடு நிற்பது, தொழுவத்தோடு அல்ல. அதைவிடப் பெரிய தடை உண்டு. மூதாய் என்பது தம்பலப்பூச்சி. எட்டுக்கால், சிலந்திக்கு உறவு, இறக்கை கிடையாது. பொறிவண்டோ விரலில் ஏறி, நுனிக்குப் போய், அங்கிருந்து பறக்கும். திசை பார்த்த பெண்கள் பார்த்தது அதைத்தான். பறக்காத ஒன்றின் பெயரைச் சூட்டினால் கதையே போய்விடும்.

இன்னொன்று. பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பதால் பொறிவண்டுக்கு மதிப்பு. 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன வெடாலியா என்ற பொறிவண்டு அங்கே ஆரஞ்சுத் தோப்புகளைச் செதில்பூச்சியிடமிருந்து மீட்டது. ஆனால் நம் கத்தரி இலையைச் சுரண்டும் 28 புள்ளி வண்டும் இதே குடும்பம். எல்லாவற்றையும் தாய் என்று நம் உழவர் ஒப்புவாரா?

ஜெ. எழுதியது:
ஜெர்மன்காரர் 'மரியா வண்டு' என்பார்கள். ஏழு புள்ளி மாதாவின் ஏழு வியாகுலம் (துயரம்), சிவப்பு அவர் மேலாடை. வியாகுல மாதாவை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 'மாதா வண்டு' போதுமே.

மு. எழுதியது:
மாதா வடசொல். 'அன்னை வண்டு' என்றாவது சொல்லுங்கள்.

ஜெ. எழுதியது:
ஊரூராக மாதா கோயில் தெரு இருக்கிறது ஐயா. அன்னை கோயில் தெருவை நான் கேட்டதில்லை. புரியாத தூய்மை எனக்கு வேண்டாம்.

தெ. எழுதியது:
துருக்கியில் அதே வண்டுக்கு 'நற்பேற்றுப் பூச்சி' என்று பெயர், மரியாள் இல்லை. பூச்சியின் பெயரை விடுவோம். க. கேட்டதில் இரண்டு வேறு கருத்துகள் கலந்திருக்கின்றன. திசை காட்டுவது, நன்மை சொல்வது எல்லாம் நிமித்தம், அதாவது சகுனம். விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகை பாடவில்லையா? அது சேதி சொல்லும், பிறகு போய்விடும். இக்காலத்தவர் சொல்வது உடன் வரும் ஒன்றை. அதற்கு 'வழித்துணை' பொருந்தும். 'தனிவழிக்குத் துணை' வேலும் மயிலும் என்கிறது கந்தர் அலங்காரம். விரிஞ்சிபுரத்து இறைவனே வழித்துணைநாதர்.

மு. எழுதியது:
துணை கூட வருவது. கைடு முன்னே நடப்பது. இரண்டும் ஒன்றல்ல.

க. எழுதியது:
பெயர் பொறிவண்டு. பழைய நம்பிக்கைக்கு நிமித்தம், புதியதற்கு வழித்துணை. மரியாள் கதை தனிப் பெட்டியில். நால்வரில் மூவர் ஒப்பியதால் அனுப்பிவிட்டேன்.

மு. எழுதியது:
நான் ஒப்பவில்லை. மூதாயைப் பெட்டியில் ஒரு வரியாவது சேருங்கள். எட்டுக்கால் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், தெ. அம்மாவுக்காக.